சிறுவர் கை வில்

கண்டி மாநகருக்குத் தென்கிழக்கே, தேயிலை மலைகளுக்கிடையே அமைந்துள்ள ஹேவாஹெட்ட என்னும் ஊர் படையோடு தொடர்புடைய பெயரைத் தாங்கி நிற்கின்றது. சிங்கள மொழியில் ‘ஹேவா’ என்பது படைவீரனையும் ‘ஹெட்ட’ என்பது அறுபது என்னும் எண்ணையும் குறிக்கும். 1660ஆம் ஆண்டில் கொட்டியாரக் குடாவிலே சிறைப்பட்டு, ஏறக்குறைய 19 ஆண்டுகள் கண்டி இராச்சியத்திற் காலங்கழித்துப் பின்னர் தப்பிச் சென்ற ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தமது நூலில் இப்பகுதியின் பெயருக்கு ‘அறுபது வீரர்’ என்றே பொருள் கூறுகின்றார். மன்னன் இரண்டாம் இராஜசிங்கனும் 1664இல் நிலம்பையில் எழுந்த கலகத்தின் பின்னர், இதே ஹேவாஹெட்டப் பகுதியைச் சேர்ந்த ஹங்குராங்கெத்தையிலே அரண்மனை அமைத்து வாழ்ந்தான்.

அக்காலத்துக் கண்டிப் படையினரிடம் துப்பாக்கி இருந்தது, வேல் இருந்தது, வில்லும் இருந்தது. ஒருமுறை ஒல்லாந்தருக்கெதிராக அவசரப் படையெடுப்பு ஒன்று நிகழ்ந்தபோது, காட்டு வேடரையும் துணைக்கு அழைத்தனர். வேடர் வில்லும் அம்புமாக வந்தனர். ஏனைய வீரருக்குச் சற்றும் குறையாது பணிபுரிந்தனர். போர் முடிந்து திரும்பியதும், மறுபடியும் அழைப்பு வந்துவிடுமோ என்று அஞ்சி, முன்னிருந்த இடத்தை விட்டுக் காட்டின் உட்பகுதிக்கே குடிபெயர்ந்து விட்டனராம். இதனைச் சொல்பவரும் நொக்ஸ்தான். வில்லாற்றல் மிக்கவர் போரை விரும்பியே தீருவர் என்று எண்ணுவோர் இச்செய்தியைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். 1817ஆம் ஆண்டில் ஊவாவிலே கிளர்ச்சி தொடங்கியபோதும், வில்சன் என்ற பிரித்தானிய அதிகாரி அம்பு பட்டே உயிர் நீத்தார்.

அந்த வில் இன்று ஹேவாஹெட்டயில் இல்லை. மகியங்கனைக்கு அப்பால் தம்பானை போன்ற வேடர் ஊர்களிலே அது பார்வையாளருக்குக் காட்டப்படும் பொருளாக எஞ்சியிருக்கின்றது. 1983இல் மாதுறு ஓயாத் தேசிய வனம் அமைக்கப்பட்டு, வேடரின் வேட்டை நிலம் அதனுள் அடங்கிய பிறகு, அங்கும் அதற்குப் பழைய வேலை இல்லாது போயிற்று. பெரியோர் கையிலிருந்து நழுவிய ஆயுதங்கள் சிறுவர் கைக்குப் போய்ச் சேருவது உலக வழக்கம். வில்லுக்கும் அந்த வழக்கம் வாய்த்திருக்கின்றது.

மலைநாட்டுத் தோட்டங்களிலே சிறுவனொருவன் முதன்முதலிற் காணும் வில், பெரும்பாலும் காமன் கூத்தில் வரும் வில்லே. இதே ஹேவாஹெட்ட மலைகளிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில், 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். அதற்கு முந்திய கோப்பிக் காலந்தொட்டே தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய தொழிலாளர், தங்களோடு தங்கள் கூத்துகளையும் கொண்டுவந்தனர். மாசி மாதத்திலே காமன் நட்டு, இரவிரவாக மன்மதனும் ரதியும் ஆடும்போது, லயத்துப் பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்த்திருப்பார்கள். கரும்பு வில்லோன் எரிந்துபோன கதை அவர்களுக்கு முழுவதும் விளங்குகின்றதோ இல்லையோ, அவன் கை வில் விளங்கிவிடும். அருச்சுனன் தபசு நடக்கும் தோட்டமாயின் ஆர்வம் இரட்டிப்பாகும்.

மறுநாட் காலையில் நடப்பது எங்கும் ஒன்றே. சிறுவன் கொய்யாக் கிளையொன்றை முறிக்கின்றான். கையிற் கிடைத்த சணற் கயிற்றை இரு நுனியிலும் கட்டுகின்றான். ஈர்க்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்கு அம்பாகின்றது. முதல் அம்பு பத்தடி போகும். ஐந்தாவது அம்பு ஐந்தடி போகும். நண்பகலாவதற்குள் கிளை வளைந்தபடியே நின்றுவிடும். அல்லது நடுவிலே ‘படக்’ என்று முறியும். சிறுவன் தன் கைவலிமையே காரணமென்று ஒரு கணம் பெருமைப்பட்டுப் பின்னர் அழுவான். உண்மையில் அவன் மேற் குற்றமில்லை. மரத்தின் இயல்பை அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

மரக்கோல் ஒன்றை வளைக்கும்போது அதன் இருபுறமும் ஒரே வகையான துன்பத்துக்கு ஆளாவதில்லை. எய்பவனை நோக்கியிருக்கும் உட்பக்கத்தை அகம் என்றும், இலக்கை நோக்கியிருக்கும் வெளிப்பக்கத்தைப் புறம் என்றும் வைத்துக்கொள்ளலாம். வளையும்போது புறத்திலுள்ள நார்கள் இழுபட்டு நீளுகின்றன. அகத்திலுள்ள நார்கள் நெருக்குண்டு குறுகுகின்றன. இரண்டுக்கும் நடுவே நீளாமலும் குறுகாமலும் ஒரு படலம் இருக்கும். கையை விட்டதும் இருபுறத்து நார்களும் தத்தம் பழைய அளவுக்குத் திரும்ப முயல்கின்றன. அந்த முயற்சியே அம்பைத் தள்ளும் விசை. பச்சைக் கிளையிலே நீர் நிறைந்திருப்பதால் அகத்து நார்கள் நெருக்குண்டபடியே தங்கிவிடுகின்றன. ஆகவே வில் கூனிப் போகின்றது. புறத்தில் கத்தி பட்டு நார் அறுந்திருந்தாலோ, அறுந்த இடத்திலிருந்து பிளவு எழுந்து வில் முறிகின்றது. சிறுவர் வில்லுக்கு நேரும் விபத்துகளிற் பெரும்பாலானவை இவ்விரண்டுள் அடங்கும். புறத்தைச் செதுக்கலாகாது, எத்தனை நேர்த்தியான கத்தியாயினும் அங்கே அதற்கு வேலையில்லை. குறைக்க வேண்டிய மரத்தையெல்லாம் அகத்திலிருந்தே குறைத்தல் வேண்டும்.

வில்லுக்குச் சிலை என்றும் ஒரு பெயர் தமிழில் உண்டு. சிலை என்பது ஒரு மரத்தின் பெயரென்றும், அம்மரத்தாற் செய்யப்பட்டமையால் வில் அப்பெயர் பெற்றதென்றும் கூறுவர். கருவிக்கு மரத்தின் பெயரே நிலைத்துவிட்டதென்றால், மரத்தைத் தெரிந்தெடுப்பதே வேலையிற் பாதி என்பது பழையோருக்குத் தெரிந்திருந்தது போலும்.

ஹேவாஹெட்டப் பகுதியிலே சிறுவர் வில்லுக்கு எளிதாகவும் மலிவாகவும் கிடைப்பது மூங்கில். அதன் வெளித்தோலுக்கு அண்மையிலே நார்கள் மிக நெருங்கியும், உள்ளே செல்லச்செல்ல ஐதாகியும் இருக்கும். இழுவையைத் தாங்கவேண்டிய புறத்திலே வலிய நார்கள் செறிந்திருத்தல் வேண்டும். மூங்கிலின் இயற்கையமைப்பு இதற்கென்றே ஏற்பட்டதுபோல இருக்கின்றது. வழுவழுப்பான வெளித்தோல் இலக்கை நோக்கியிருக்குமாறு பிடித்தால் அந்த வில் நெடுநாள் உழைக்கும். பலர் அழகு கருதி அத்தோலைத் தம் பக்கமாகத் திருப்பிக் கட்டுகின்றனர். அப்படிக் கட்டிய வில் விரைவில் சிராய் எழும்பிப் பிளந்துபோகும்.

தாழ்ந்த நிலங்களில் வளரும் முதிர்ந்த கமுகைப் பிளந்தெடுத்த சலாகையும் ஏற்றதே. அதிலும் வெளிப்புறமே வலியது. கொய்யாக் கிளை தள்ளத்தக்கதன்று. நேரானதும் கணு குறைந்ததுமான கிளையை வெட்டி, இரு நுனியிலும் மெழுகு பூசி, நிழலிலே சில கிழமைகள் உலர வைத்தாற் போதும். நுனியில் மெழுகு பூசாவிடில் அங்கே விரைந்து காய்ந்து வெடிப்புக் காணும். தேயிலைக் கவ்வாத்தின்போது மலைமலையாகக் குவியும் மிலாறு மாத்திரம் வில்லுக்கு உதவாது. கணுவும் கோணலும் அதன் பிறவிக் குணம். அதை அடுப்புக்கே விட்டுவிடலாம்.

எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நான்கடி நீளமான வில் போதும். வில் அப்பிள்ளையின் உயரத்தளவு இருப்பதே பொது அளவு. சிறிய பிள்ளைக்குச் சிறிய வில் என்று எண்ணி இரண்டடியில் வெட்டிக் கொடுப்பது பலர் செய்யும் பிழை. குட்டை வில்லை ஓரளவு இழுத்தாலே அதன் நார்கள் எல்லை கடந்து நெருக்குண்ணும். நீண்ட வில் இளகி வளையும். பிள்ளைக் கைக்கும் இதமாயிருக்கும். நாணை இழுக்கும் தூரம் வில்லின் நீளத்தில் மூன்றிலொரு பங்கைத் தாண்டாதிருப்பது நல்லது. நான்கடி வில்லுக்கு அது 16 அங்குலம்.

முதிர்ந்து உலர்ந்த மூங்கிலிலே, ஒன்றேகால் அங்குல அகலமான சலாகை ஒன்றைப் பிளந்தெடுத்தல் வேண்டும். நடுவிலே நான்கு விரல் அகலத்துக்குப் பிடி. அங்கே முழு அகலமும் இருக்கட்டும். பிடியிலிருந்து இரு நுனிகளையும் நோக்கி அகலத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, நுனியில் அரை அங்குலமாக்குதல் வேண்டும். உட்புறக் கணுக்களின் தடுப்பைச் சீவி மட்டப்படுத்தலாம். வெளிப்புறக் கணுவின் கூரான விளிம்பை மெல்லத் தேய்ப்பதற்கு மேல் ஒன்றும் செய்யலாகாது. இவ்வேலைக்குக் கூரிய கத்தி வேண்டியிருப்பதால், இது பெரியோர் கைவேலை. பிள்ளை பக்கத்திலிருந்து பார்ப்பதற்குத் தடையில்லை. பார்க்கச் செய்வதே நன்று.

இனி வருவது நுட்பமான கட்டம். மரத்தின் அகலத்தை இருமடங்காக்கினால் அதன் விறைப்பு இருமடங்காகும். ஆனால் தடிப்பை இருமடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும். எதிர்மறையாகச் சொன்னால், தடிப்பிலே பத்திலொரு பங்கைச் சுரண்டிவிட்டால் விறைப்பில் நான்கிலொரு பங்குக்கு மேல் போய்விடும். ஆகையால், கத்தியின் ஒரு வீச்சு அதிகமானாலும் வில்லின் ஒரு பக்கம் சோர்ந்துவிடும். எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட வழியில்லை. அனுபவமுள்ள தச்சர் இக்கட்டத்திலே கத்தியை வைத்துவிட்டுக் கண்ணாடித் துண்டின் விளிம்பால் மாவு மாவாகச் சுரண்டுவர்.

எங்கே சுரண்டுவது என்பதை வில்லே காட்டும். ஒரு நுனியை நிலத்தில் ஊன்றி, மறுநுனியை ஒரு கையாற் பிடித்து, நடுவை மெல்ல அழுத்திப் பார்த்தால், வளைவு புலப்படும். பிடியிலிருந்து நுனிவரை வளைவு படிப்படியாக ஓடினால் நன்று. ஓரிடம் தட்டையாய் விறைத்து நின்றால் அங்கே அகத்தைச் சுரண்டவேண்டும். ஓரிடம் கூர்மையாக மடிவதுபோல் வளைந்தால் அவ்விடத்தைத் தொடவே கூடாது. அதன் இரு மருங்கையும் குறைத்து, வளைவைப் பகிர்ந்தளிக்கவேண்டும். ஒவ்வொரு முறை சுரண்டிய பிறகும் வில்லை இருபது முப்பது தடவை சிறிதளவு வளைத்துப் பழக்கிப் பார்த்தபின்பே அடுத்த முறை சுரண்டுதல் தகும். பாடசாலை விட்டு வந்த பிள்ளை அவசரப்படுத்துவான். அவசரத்துக்கு இணங்கினால் அடுத்த சலாகையைத் தேடிப் போகவேண்டியதுதான்.

இவ்வளவு பொறுமை இல்லாதவர்க்கு வேறொரு வழியும் உண்டு. மெல்லிய மூங்கிற் சலாகைகள் இரண்டை எடுத்து, ஒன்றை நான்கடியாகவும் மற்றதை அதன் பாதியாகவும் வெட்டி, நெடியதன் அகத்தோடு குறியதை நடுவொத்துப் பொருத்தி, மூன்று நான்கு இடங்களில் இறுகச் சுற்றிக் கட்டினால், நடு வலுத்தும் நுனி இளகியும் தானாகவே அமைந்த வில் கிடைத்துவிடும். இரு சலாகைகளின் வெளித்தோலும் புறத்தை நோக்கியிருத்தல் வேண்டும். மாட்டுவண்டிகளிலே சொகுசான வகைக்கு வில்வண்டி என்று பெயர் வந்தது, ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய இரும்புத் தகடுகள் இதே முறையில் பாரத்தைத் தாங்கியமையாலன்றோ! லொறிகளின் அடியிலும் அவ்வடுக்கைக் காணலாம்.

நாணுக்குத் தென்னங்கயிறு ஆகாது. அது கனமானது, இழுக்க இழுக்க நீளும். இலங்கைக்கே உரிய மருள் இனம் ஒன்று உண்டு. நீண்டு தடித்த இலைகளையுடைய அதனைச் சிங்களத்தில் நியந்த என்பர். ஆங்கிலேயர் அச்செடிக்கு வைத்த பெயரே ‘வில்நாண் சணல்’ என்று பொருள்படுவதாம். கண்டியை அடுத்த தும்பறைப் பகுதியின் புகழ்பெற்ற பாய்களும் இவ்வகை இலைநாரால் நெய்யப்படுவனவே. இலையைப் பலகைமீது கிடத்தி, மழுங்கிய கத்தியின் முதுகால் அழுத்தி வழித்தால், சதை கழன்று வெண்ணிற நார் எஞ்சும். அதைக் கழுவி உலர்த்தி, இரண்டு புரிகளாகப் பிரித்து, ஒவ்வொரு புரியையும் வலப்பக்கமாக முறுக்கி, இரண்டையும் சேர்த்து இடப்பக்கமாக முறுக்கவேண்டும். எதிரெதிர் முறுக்குகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் நாண் அவிழாது. தேன்மெழுகு பூசினால் மலைநாட்டு மழைக்கும் ஈடுகொடுக்கும். மருள் கிடைக்காதவிடத்து, பருத்தி நூலைப் பலவாக அடுக்கி இதேமாதிரி முறுக்கிக்கொள்ளலாம்.

நாண் பொருந்துவதற்காக வில்லின் நுனியில் இடும் வெட்டுக்குக் குதை என்பது பழைய பெயர். அதனைச் சலாகையின் இரு பக்கங்களிலும் சிறிதாக இடுவதன்றி, புறத்துக்குக் குறுக்கே வெட்டலாகாது. நாண் ஏற்றியபின் பிடிக்கும் நாணுக்கும் இடையே, பிள்ளை தன் கையை மூடிப் பெருவிரலை மாத்திரம் நிமிர்த்தி வைத்தால் அடங்குமளவு இடைவெளி இருந்தாற் போதும்.

அம்பைப் பற்றிச் சொல்லுங்கால் மீண்டும் நொக்ஸின் நூலை நாடவேண்டியிருக்கின்றது. வேடருக்கு இரும்பு அம்புமுனை தேவைப்படும்போது, இரவிலே கொல்லனின் பட்டறைக்கு வந்து, ஒரு சுமை இறைச்சியையும், வேண்டிய முனையின் வடிவிலே வெட்டிய இலையொன்றையும் தொங்கவிட்டுப் போவார்களாம். கொல்லன் அவ்வடிவிற் செய்து வைத்தால் மேலும் இறைச்சி வரும். செய்யாவிட்டால், வேறோர் இரவில் அம்பு வரும். அம்பின் தொழில் முழுவதும் அதன் முனையிலே இருக்கின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. அதே காரணத்தால் சிறுவர் அம்பிலே முனை இருக்கக் கூடாது.

தோட்டங்களிலும் நகரங்களிலும் பிள்ளைகள் தாமாகவே அம்பு தேடும்போது, பழைய குடைக்கம்பியும் சைக்கிள் சக்கரத்துக் கம்பியும் அவர்கள் கண்ணிற் படுகின்றன. அவை நேராக இருக்கும், கனமாகவும் இருக்கும், எளிதிற் பறக்கும். பதினைந்தடி தூரத்திலிருந்து வந்த குடைக்கம்பி ஒரு கண்ணைக் குருடாக்கப் போதுமானது. அதற்குப் பலத்த வில்லும் வேண்டுவதில்லை. கூனிப்போன கொய்யாக் கிளையே போதும். தோலைக் கீறும் அளவுக்கு வலுவில்லாத அம்புகூட விழியைத் துளைக்கவல்லது. வில் நன்றாயிருப்பதால் அபாயம், மட்டமானதாயிருந்தால் அபாயமில்லை என்று பெற்றோர் எண்ணுவது இங்கே முற்றிலும் தவறு.

ஆகவே, அம்புக்கு 20 அங்குல நீளமான மெல்லிய மூங்கிற் குச்சி அல்லது நாணற் தண்டு எடுத்து, அதன் தலையிலே பழந்துணியை உருண்டையாகச் சுற்றி நூலாற் கட்டுதல் வேண்டும். அவ்வுருண்டை ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத குறுக்களவுடையதாயிருக்கட்டும். கண்குழிக்குள் புகமுடியாத பருமன் என்பதே அளவுகோல். கட்டு அவிழ்ந்த அம்பைத் திருத்திய பின்னரே மறுபடி எய்யவேண்டும். நாணை இழுக்கும் தூரத்தைவிட அம்பு நீளமாயிருப்பதற்கும் காரணமுண்டு. குட்டையான அம்பு வில்லுக்குப் பின்னால் நழுவி, எய்பவனின் கையிலேயே பாயும். வாலிலே கோழியிறகு இரண்டோ மூன்றோ கட்டினால் அம்பு தடுமாறாது செல்லும். துணித்தலை அம்பு வெகுதூரம் போகாதே என்று பிள்ளை முறையிடுவான். நாற்பதடி போகும்; விளையாட்டுக்கு அது தாராளம்.

எங்கே எய்வது என்பது சமவெளியில் ஒரு கேள்வியன்று. ஹேவாஹெட்ட போன்ற மலையிலே அது பெருங்கேள்வி. லயத்து முற்றத்திலிருந்து பார்த்தால் கீழே தேயிலைச் செடிகள் பச்சைக் கம்பளம் விரித்ததுபோல ஆளரவமற்றுத் தோன்றும். ஆனால் அச்செடிகளுக்கிடையே குனிந்து கொழுந்து பறிக்கும் பெண்கள் இருப்பர். மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அவர்கள் தெரியமாட்டார்கள். குறுக்குப் பாதைகளில் ஆட்கள் வந்துகொண்டிருப்பர். பள்ளத்தை நோக்கி எய்த அம்பு எங்கே விழுந்ததென்று எய்தவனுக்கே தெரியாது. ஆதலால் மேட்டை நோக்கியே எய்யவேண்டும். பாதை வெட்டிய இடங்களிலும் லயத்தின் பின்புறத்திலும் செங்குத்தான மண்சுவர் இருக்கும்; அதன்முன் பழைய சாக்கில் வைக்கோலோ காய்ந்த புல்லோ அடைத்து நிறுத்தினால், தவறிய அம்பையும் மண்ணே வாங்கிக்கொள்ளும். எய்பவர் எல்லாரும் ஒரே கோட்டில் நிற்றலும், எல்லாரும் எய்து முடித்த பின்னரே அம்பு பொறுக்கச் செல்லுதலும், பெரிய வில்வித்தைப் போட்டிகளிலும் விட்டுக்கொடுக்கப்படாத ஒழுங்குகள்.

அம்பு பூட்டாமல் நாணை இழுத்துவிடுவது பிள்ளைகளுக்குப் பிடித்த வேடிக்கை. அந்த ‘டங்’ என்ற ஓசைக்காகவே செய்வார்கள். அம்போடு போகவேண்டிய விசை முழுவதும் அப்போது வில்லுக்கே திரும்புகின்றது, நுனி பிளக்கும். இரவிலே நாணை ஏற்றியபடி மூலையிற் சாத்தி வைத்தாலும் வில் கூனிவிடும். மாலையில் நாணின் ஒரு கண்ணியைக் குதையிலிருந்து கழற்றி, தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து, அடுப்புக்கு மேலுள்ள பரணிலே, காயவைத்த மிலாற்றுக்குப் பக்கத்தில் கிடத்திவிட்டால், புகை பட்டு மூங்கில் இறுகும், வண்டும் அணுகாது. அடுத்த மாசியில் காமன் நடும் வேளைக்குப் பிள்ளை இரண்டங்குலம் வளர்ந்திருப்பான். அப்போது அதை இறக்கி அவன் தம்பியிடம் கொடுத்துவிட்டு, அவனுக்கு வேறு சலாகை பிளக்கலாம்.